மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கருந்துளை: ஆஸ்ட்ரோசாட் தரவோடு மல்லுக்கட்டிய கதை

எம்.எஸ்சி. புராஜெக்டை வானியலில் செய்யப் போகிறேன் என்றதும், கூடப் படித்தவன் கேட்டது: "லேய் மக்கா, டெலஸ்கோப்புக்கு எங்க போவ?" நியாயமான கேள்வி. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தெளிந்த வானத்தை நம்பி இங்கே எந்தத் திட்டமும் போட முடியாது. ஆனால் எக்ஸ்ரே வானியலுக்கு மேகம் ஒரு பொருட்டே இல்லை. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்ரேயைக் காற்றுமண்டலமே விழுங்கிவிடுவதால், கருவியை மேலே அனுப்பித்தான் ஆக வேண்டும். 2015 செப்டம்பர் 28 அன்று பி.எஸ்.எல்.வி.யில் போன இஸ்ரோவின் வானியல் செயற்கைக்கோள் ஆஸ்ட்ரோசாட், சுமார் 650 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. கீழே நமக்குத் தேவை லேப்டாப், பொறுமை, கரண்ட். ஐப்பசி மாதத்தில் மூன்றாவதுதான் கஷ்டம்.

தரவு இலவசம். பெங்களூரு அருகே பையலாலுவில் இருக்கும் இஸ்ரோவின் விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் தளத்தில் கணக்குத் தொடங்கினால் போதும். பொருளின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். ஜி.ஆர்.எஸ். 1915+105 என்ற கருந்துளையின் 2017 மார்ச் தரவை எடுக்கச் சொன்னார் புராஜெக்ட் வழிகாட்டி சார். கருவி, ஆஸ்ட்ரோசாட்டில் எக்ஸ்ரேயை எண்ணும் லாக்ஸ்பிசி. ஒரே மாதிரி மூன்று உணர்கருவிகள் உண்டு. ஆனால் ஒன்றில் வாயு கசிந்து 2018-இல் அணைத்துவிட்டார்கள், இன்னொன்று நிலையாக இல்லை. அதனால் பெரும்பாலோர் 20 என்ற எண்ணுள்ளதைத்தான் நம்புகிறார்கள். நானும் அப்படியே.

கோப்புகள் பல ஜிபி. இரவில் இறக்கப் போட்டுவிட்டுத் தூங்குவதுதான் வழி. உபுண்டு இயங்குதளத்தில், எக்ஸ்ரே தரவை அலசும் நாசாவின் மென்பொருள் ஹீசாஃப்ட்டை நிறுவியது தனிப் புராணம், அதை விடுங்கள். லாக்ஸ்பிசிக்கான மென்பொருளைப் புனேயில் உள்ள ஆஸ்ட்ரோசாட் உதவி மையத்தின் தளத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு எக்ஸ்ரே ஃபோட்டானும் (ஒளித்துகளும்) வந்த நேரம் 10 மைக்ரோநொடித் துல்லியத்தில் பதிவாகியிருக்கும். ஆனால் எல்லா நேரமும் உபயோகப்படாது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி குறுக்கே வந்து மறைக்கும். தென் அட்லாண்டிக் பகுதியில் மின்னூட்டத் துகள்கள் மொய்க்கும். சுற்றுப்பாதையின் சாய்வை 6 டிகிரியாக வைத்தது அந்தப் பகுதியின் ஓரத்தோடு தப்பிக்கத்தான், ஆனாலும் முழுக்கத் தப்ப முடியாது. இந்த நேரங்களை வெட்டி எறிந்த பிறகு, எந்த நேரத்தில் எத்தனை ஃபோட்டான் வந்தது என்று காட்டும் வரைபடம் எலி கடித்த வேட்டி மாதிரி இடையிடையே ஓட்டையோடுதான் நிற்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

மிச்சமிருந்த ஒரு துண்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு மெல்ல ஏறுகிறது, உச்சியில் கூராகிறது, சட்டென்று விழுகிறது. மறுபடியும் அதே ஏற்றம். இதை இதயத்துடிப்பு வகை என்கிறார்கள். பொதுவாக 50 முதல் 100 நொடிக்குள் ஒரு துடிப்பு வரும். கருந்துளையைச் சுற்றும் வாயுத்தட்டின் உட்பகுதி, கதிர்வீச்சின் அழுத்தம் தாங்காமல் காலியாகி, மறுபடி நிரம்புவதால் இப்படி நடக்கிறது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பின்னால் நின்று எட்டிப் பார்த்த அம்மா, "இது ஆருக்க ஈ.சி.ஜி. மக்களே?" என்றார்.

என்னை அதிகம் படுத்தியது, மூலத்திலிருந்து, அதாவது கருந்துளைப் பக்கமிருந்து, வராத பின்னணி எண்ணிக்கையைக் கழிப்பது. இந்தக் கருவியில் படம் விழாது. சுமார் ஒரு டிகிரி அகலத்துக்குள் வருவதையெல்லாம் மொத்தமாக எண்ணும். எனவே மூலத்தின் பக்கத்தில் ஒரு வெற்று மூலையை எடுத்துக் கழிக்க வழியில்லை. வெற்று வானத்தை நோக்கித் தனியாக எடுத்த தரவை வைத்துத்தான் கணிக்க வேண்டும். குறைந்த ஆற்றலில் இது அவ்வளவாக உறுத்தாது. 30 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் மூலத்தை விடப் பின்னணி ஓங்கிவிடும். அங்கே கிடைக்கும் எந்த முடிவையும் சந்தேகத்தோடுதான் எழுதினேன்.

வைவாவில் வந்த வெளித் தேர்வாளர் கேட்டார், "கண்ணாடியே இல்லாத இதை எப்படிம்மா டெலஸ்கோப்னு சொல்ற?" உண்மையில் அதை டெலஸ்கோப் என்று சொல்லக் கூடாது, செனான் வாயு நிரப்பிய எண்ணும் பெட்டி என்றேன். அதே செயற்கைக்கோளில் தங்கம் பூசிய அலுமினியத் தகடுகளைக் கண்ணாடியாகக் கொண்ட எஸ்.எக்ஸ்.டி. என்ற நிஜ எக்ஸ்ரே தொலைநோக்கி இருப்பதையும் சொன்னேன். "அப்ப அதோட தரவையும் சேர்த்துக் கட்டுரையாக்கு" என்றார். இப்போது அதைத்தான் இறக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கு மென்பொருளும் வேறு.