கேமராவுக்கு முன் கடலேற்ற அட்டவணை

இயற்கைப் படமெடுப்பதையே வாழ்க்கையாக்கிக்கொள்ள ஆசைப்படும் பலர் முதலில் ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் காசு சேர்க்கிறார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் அதற்கு முன் ஒரு வருடத்தைச் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரே சதுப்புநிலத்துக்கு நாற்பது முறை போனபிறகும் காலையில் எழுந்து கிளம்பத் தோன்றினால், இது உங்களுக்கான வேலை.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கேயிருந்து வலசை வரும் பவளக்காலி, பச்சைக்காலி, உப்புக்கொத்தி எல்லாம் இங்கே இறங்கும். கடல் வற்றியிருக்கும்போது அவை ஜொகூர் நீரிணையோரச் சேற்றில் சிதறி மேயும், லென்ஸுக்கு எட்டாது. நீர் ஏறி அந்தச் சேறு மூழ்கியதும்தான் காப்பகத்துக் குளங்களில் கூட்டமாக வந்து ஒதுங்கும். அதனால் கடலேற்ற அட்டவணையில், நீர்மட்டம் காலை 9, 10 மணிக்கு உச்சத்தைத் தொடும் நாளாகப் பாருங்கள். உச்ச நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆகவே அப்படியொரு காலை சுமார் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும். 7 மணிக்குத் திறந்ததுமே போய், பறவைகள் வருவதற்கு முன்பே, பறவை பார்ப்பதற்கென்று கட்டிய மறைவிடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். அவை இறங்கியபின் நடந்து நெருங்கினால் கூட்டமே கிளம்பிவிடும். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவையின் ஓய்வைக் கெடுத்து ஒரு படம் வேண்டாம்.

லென்ஸ் 400 மி.மீ. இருந்தால் தொடங்கப் போதும். ஷட்டர் வேகம் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, பறப்பதற்கு 1/2000 நொடி. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், அசைந்த படத்தை முடியாது. கருஞ்சேற்றில் நிற்கும் வெள்ளைக் கொக்கு இன்னொரு சிக்கல். கேமரா சேற்றைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகு வெறும் சுண்ணாம்பாகிவிடும். ஒளியளவை ஒரு படி குறைத்து வையுங்கள். வெயில் ஏறியபின் தூரத்துப் படமெல்லாம் மங்கலாக வந்தால் லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். சேற்றிலிருந்து எழும் சூட்டில் காற்று நெளிகிறது, அவ்வளவுதான். அப்போது பக்கத்தில் இருப்பவற்றுக்குத் திரும்புங்கள்.

பக்கத்தில் என்றால், நீர் வற்றிய நேரத்தில் பலகைப் பாதைக்குக் கீழே சேற்றில் துள்ளும் மீன். காலடி அதிர்வு கேட்டதும் வளைக்குள் போய்விடும். பத்து நிமிடம் ஆடாமல் இருந்தால் முதலில் இரண்டு கண்கள் மட்டும் மேலே வரும். அந்தக் கண்ணை அது அடிக்கடி குழிக்குள் இழுத்து நனைத்துக்கொள்ளும். வெளியே வந்த மறுகணம் கண் பளபளக்கும், விரலை அப்போது அழுத்துங்கள். பலகையில் படுத்து, கைப்பிடியின் கீழ் இடைவெளி வழியாக எடுத்தால் கோணம் தாழும். லென்ஸின் திறப்பை எஃப்/8-இல் வைத்தால் கண்ணும் முதுகுத்துடுப்பும் சேர்ந்து தெளியும். முக்காலியை நம்பி 1/60 வைக்காதீர்கள். யாராவது நடந்தால் பலகையே ஆடும்.

நம்மூர் ஈரப்பதம் இன்னொரு பாடு. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் நீர் கோத்துவிடும். துடைத்தாலும் மறுபடி கோக்கும். வீட்டிலேயே கேமராவை ஜிப் பையில் மூடி, வெளியே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். வீடு திரும்பியதும் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வையுங்கள். இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

இரைபோட்டு விலங்கை அழைப்பது குற்றம். வனவிலங்குச் சட்டப்படி முதல்முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். கைப்பேசியில் பறவைக்குரல் ஒலிக்கவிட்டு இழுப்பதும் வேண்டாம். இங்கே உவர்நீர் முதலைகள் உண்டு, பாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒவ்வொரு முறையும் தேதி, கடலேற்ற உயரம், வெளிச்சம், எந்தப் பறவை எந்தக் குளத்தில் நின்றது என்று நோட்டில் எழுதுங்கள். மார்ச் முடிந்ததும் உங்களுக்குப் பிடித்த 20 படங்களை அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது மீன்கொத்தியா, சேற்றுமீனா, கண்டல் வேரா என்று பாருங்கள். அடுத்த செப்டம்பர் வரை அதை மட்டும் எடுங்கள்.