இரண்டு ரவுண்டுகளுக்கு நடுவே 20 மாதம்

எங்கள் கம்பெனி கோயம்புத்தூரில் இருக்கிறது. ஸ்பின்னிங் மில்களில் எந்த மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று சென்சார் வைத்து அளந்து சொல்வது எங்கள் தொழில். முதலீட்டாளர்களிடம் பங்கு கொடுத்துப் பணம் திரட்டுவதை ரவுண்டு என்பார்கள். 2021 செப்டம்பரில் முதல் ரவுண்டு முடித்தோம், 2023 மே மாதம் இரண்டாவது. நடுவில் பட்டதை, இப்போது முதலீடு தேடி அலைபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் ரவுண்டுக்கு மூன்று ஜூம் கால்தான். பதினோராம் நாள் டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டின் நிபந்தனைகளை எழுதிய தாள், கைக்கு வந்தது. கம்பெனியின் மதிப்பு 15 கோடி, முதலீடு 3 கோடி. அப்போது எங்களிடம் இருந்தது ஆறே ஆறு மில்கள். "நூறு மில்லுக்கு எப்பப் போவீங்க?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த வருஷம் இந்தியாவில் 40-க்கும் மேற்பட்ட ஸ்டார்ட்அப்கள் யூனிகார்ன் (நூறு கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனி) ஆயின. எங்கள் பொருள் நன்றாக இருப்பதால் பணம் வருகிறது என்று முழுசாக நம்பினேன்.

பொருள் நல்ல பொருள்தான். ஆனால் பணம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்ததற்குக் காரணம் வேறு. 2020 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறக்கியது. ஸ்டார்ட்அப்களில் முதலீடு செய்யும் வென்ச்சர் ஃபண்டுகளுக்குப் பணம் தரும் பென்ஷன் ஃபண்டுகளுக்கு அரசுப் பத்திரத்தில் ஒன்றும் தேறவில்லை. அந்தப் பணம் எங்களைப் போன்றவர்கள் பக்கம் வந்தது.

2022 மார்ச்சில் அந்த அமெரிக்க வட்டி ஏற ஆரம்பித்தது; 2023 ஜூலைக்குள் 5.25–5.5 சதவீதம். பத்திரமே இவ்வளவு தரும்போது, பத்து வருஷம் பணம் முடங்கும் ஃபண்டில் போட எவருக்கும் அவசரம் இருக்காது. அதற்கு முன்பே, 2021 நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டு முதல் நாளே 27 சதவீதம் விழுந்திருந்தது. பங்குச்சந்தையில் விற்கிற விலை இறங்கினால், அதற்கு முந்தைய ரவுண்டுகளின் விலையும் ஒவ்வொன்றாக இறங்கும். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிக்கு அந்த அடி சில மாதம் கழித்து வந்து சேர்ந்தது.

2022 ஜூனில் கணக்கில் 1.3 கோடி இருந்தது. மாதம் 18 லட்சம் கரைந்தது. ஏழே மாதம்! அதே ஸ்லைடுகளோடு பெங்களூர் போனேன். மில்கள் ஆறிலிருந்து 31 ஆகியிருந்தன. எண்ணிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. எக்செல்லைத் திறந்து, ஒரு மில்லில் சென்சார் மாட்ட ஆகும் செலவு எத்தனை மாதத்தில் திரும்பி வருகிறது என்று கேட்டார்கள். எங்கள் ஷீட்டில் அப்படி ஒரு வரியே கிடையாது. அன்று ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்: 19 மாதம். ஒரு வருஷமாக அந்தக் கணக்கைப் பார்க்காமல் கம்பெனி நடத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு ஃபண்டு டெர்ம் ஷீட் தந்து, இரண்டு மாதம் டியூ டிலிஜென்ஸ் (கணக்கு வழக்குகளைத் துருவிப் பார்ப்பது) செய்து, கடைசியில் பின்வாங்கியது.

ஆகஸ்டில் மூன்று பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்தது. மில்களிடம் வருஷச் சந்தாவை முன்பணமாகக் கேட்டோம்; பத்து சதவீதம் தள்ளுபடி தந்ததும் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மாதச் செலவு 8 லட்சத்துக்கு வந்தது. சென்சார் செலவு திரும்பி வர 19 மாதம் என்பது 11 ஆனது.

அடுத்த ஏப்ரலில் ஒரு ஃபண்டு 2 கோடி தர முன்வந்தது, 12 கோடி மதிப்பில். முதல் ரவுண்டு முடிந்தபோது, வந்த 3 கோடியையும் சேர்த்து நாங்கள் 18 கோடி. விலை குறைந்த ரவுண்டு. இங்கேதான் எங்கள் வக்கீல் அக்காவை நினைத்துக்கொண்டேன். 2021-ல் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, "தம்பி, ஃபுல் ராட்செட்னு போட்டிருக்காங்க. இதை வெயிட்டட் ஆவரேஜ்னு மாத்தச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். விலை குறைந்தால் பழைய முதலீட்டாளருக்கு எவ்வளவு ஈடு தர வேண்டும் என்பதைச் சொல்லும் ஷரத்து அது.

கணக்கு இது. முதலில் ஒரு பங்கு 1,500 ரூபாய், முதல் ரவுண்டு முதலீட்டாளர்களிடம் 20,000 பங்கு, கம்பெனியில் மொத்தம் 1,20,000. புது விலை 1,000. ஃபுல் ராட்செட் என்றால் அவர்களின் 3 கோடியும் புது விலைக்கே மாறும்: கூடுதலாக 10,000 பங்கு தர வேண்டும். வெயிட்டட் ஆவரேஜில், புதுப் பங்குகள் எத்தனை என்பதையும் பார்த்துச் சராசரி போடுவதால், அவர்களின் விலை 1,428 ரூபாய்க்குத்தான் இறங்கியது. கூடுதலாகப் போனது 1,000 பங்கு. டெர்ம் ஷீட்டில் மதிப்பை மட்டும் பார்க்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதனால்தான். பணம் தாராளமாக வரும் காலத்தில் இந்த ஷரத்தைப் பற்றிப் பேசுவது சுலபம். பிறகு பேச முடியாது.

மே மாதம் பணம் தனி வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. பங்கு ஒதுக்கி, அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பிஏஎஸ்-3 படிவம் தாக்கல் செய்யும் வரை அதைத் தொடக் கூடாது. சம்பளத்துக்கு நான்கு நாள் இருந்தது. ஆடிட்டர் இரண்டு நாளில் முடித்துக் கொடுத்தார். சம்பளம் போட்டுவிட்டு, ஆகஸ்டில் அனுப்பிய மூவருக்கும் போன் செய்தேன். இரண்டு பேர் வேறு வேலையில் நிலைத்துவிட்டார்கள். இன்ஸ்டலேஷன் பார்த்த தம்பி மட்டும் ஜூலையில் திரும்பி வந்தார்.