38 மாதங்கள்

2009 டிசம்பர் 8, செவ்வாய்
அதிபர் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்த மசோதாவில் தம் ஜனநாயகக் கட்சிக்குள் உடன்பாடு ஏற்பட்டுவிட்டதாக, செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் இரவு அறிவித்தார். விவரத்தை அவர் சொல்லவில்லை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் கசிந்துவிட்டது. அரசே நடத்தவிருந்த காப்பீட்டைக் கைவிடுகிறார்கள். அதற்கு ஈடாக, 55 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் பணம் கட்டி, 65 வயதானவர்களுக்கு அரசு தரும் காப்பீடான மெடிகேரில் சேரலாம், அதுவும் 2011 முதலே சேரலாம் என்கிறார்கள். எனக்கு 58, இவளுக்கு 56. தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பிச் சொல்லலாமா என்று கதவு வரை போய்த் திரும்பினேன்.

டிசம்பர் 10, வியாழன்
மறுபடியும் கணக்குப் போட்டேன். வேலை போனது ஏப்ரல் முடிவில். பழைய நிறுவனத்தின் காப்பீட்டை நாமே பணம் கட்டித் தொடரும் கோப்ரா 18 மாதங்களுக்கு மட்டுமே என்பதால் அடுத்த அக்டோபருடன் முடிகிறது. (இவள் இதைப் பாம்புக் காப்பீடு என்றுதான் சொல்வாள்.) கட்டணத்தில் 65 சதவிகிதத்தை அரசு ஏற்கும் ஒன்பது மாதச் சலுகையோ ஜனவரியிலேயே தீர்ந்துவிடும். பழைய நோயைக் காட்டி வயதுவந்தவர்களை ஒதுக்கக் கூடாது என்ற விதி செனட் மசோதாவின்படி 2014இல்தான் நடைமுறைக்கு வரும். 2010 நவம்பர் முதல் 2013 டிசம்பர் வரை, காப்பீடே இல்லாமல் 38 மாதங்கள். நோயாளிகளுக்கென்று மாநிலம் வைத்திருக்கும் தொகுப்பில் சேரலாம்தான், ஆனால் அதன் கட்டணத்தைக் கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மெடிகேர் திறந்தால் 38 என்பது இரண்டாகிவிடும். இரண்டு மாதத்தை எப்படியாவது தள்ளிவிடலாம்.

டிசம்பர் 13, ஞாயிறு
எங்கள் மாநிலத்து செனட்டர் ஜோ லீபர்மன் தொலைக்காட்சியில் தோன்றி, மெடிகேர் விரிவாக்கம் இருக்கும் வரை மசோதாவுக்குத் தம் வாக்கு இல்லை என்றார். எதிர்க்கட்சி இழுத்தடிக்கும் விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்குகள் வேண்டும், அறுபதாவது வாக்கு அவருடையது.

டிசம்பர் 14, திங்கள்
மெடிகேர் போயிற்று.

டிசம்பர் 15, செவ்வாய்
2000இல் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது இதே திட்டத்தைத் தம் பிரசாரத்தில் வைத்திருந்தவர் லீபர்மன். மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் கனெக்டிகட் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியிலும் இதை ஆதரித்துப் பேசியிருக்கிறார், அந்தக் காணொளியை இன்று எல்லோரும் தேடி எடுத்துவிட்டார்கள். 2006இல் சொந்தக் கட்சி அவரை உட்தேர்தலில் தோற்கடித்து, அவர் சுயேச்சையாக நின்றபோது, இரு கட்சிகளுக்கும் நடுவில் நிற்கத் தெரிந்த மனிதர் என்று நினைத்து நான் வாக்களித்தேன். நடுவில் நிற்பவர் வழியையும் அடைத்துக்கொண்டு நிற்கலாம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் 16, புதன்
மகன் தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதாடினான். மசோதாவைக் கொன்றுவிட வேண்டும் என்று ஜனநாயகக் கட்சியின் முன்னாள் தலைவர் ஹோவர்ட் டீன் சொன்னதுதான் சரியாம். அரசுக் காப்பீடும் இல்லை, மெடிகேரும் இல்லை, எல்லோரும் காப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் மிஞ்சினால், இது காப்பீட்டு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் சீதனம் என்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் 1971இல் அதிபர் நிக்சன் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டத்தை இது போதாது என்று செனட்டர் எட்வர்ட் கென்னடி மறுத்துவிட்டு, பிற்காலத்தில் அதற்காக வருந்தினார் என்பதையும் நினைவுபடுத்தினேன். "அப்பா, அது வேறே காலம்" என்றான். அவனுக்கு 29 வயது, அலுவலகக் காப்பீடு இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டினேன். சொல்லியிருக்கக் கூடாது.

இன்று செனட்டில் பெர்னி சாண்டர்ஸ் கொண்டுவந்த 767 பக்கத் திருத்தத்தை முழுவதும் உரக்கப் படிக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சியின் டாம் கோபர்ன் வற்புறுத்தினார். மூன்று மணி நேரம் படிக்கப்பட்ட பிறகு சாண்டர்ஸ் அதைத் திரும்பப் பெற்றார்.

டிசம்பர் 17, வியாழன்
அடுத்த வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை உருட்டி வந்தபோது பேசினார். குடியரசுக் கட்சிக்காரர், நல்ல மனிதர், இவள் மருத்துவமனையில் இருந்த வாரம் எங்கள் வாசலில் பனி தள்ளியவர். அரசாங்கம் மருத்துவத்தில் கை வைக்கக் கூடாது என்றார், அதே மூச்சில், தம் மெடிகேரை வெட்டி இதற்குப் பணம் எடுக்கிறார்கள் என்றும் கொதித்தார். மெடிகேர் யாருடையது என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவருடைய பயமும் பொய்யில்லை. இருக்கிற பந்தியில் இன்னும் சிலர் உட்கார்ந்தால் தம் இலையில் குறையும் என்று நினைக்கிறார்.

டிசம்பர் 19, சனி
வாஷிங்டன் பனியில் புதைந்து கிடக்கிறது. ஆளுங்கட்சியில் இணங்காமல் நின்ற நெப்ராஸ்கா செனட்டர் பென் நெல்சன் இணங்கிவிட்டார். கருக்கலைப்புக்கான காப்பீட்டில் கட்டுப்பாடும், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை நெப்ராஸ்காவில் விரிவாக்கும் செலவை என்றென்றும் மைய அரசே ஏற்கும் என்ற சலுகையும் அவருக்குக் கிடைத்தன. நெப்ராஸ்காவில் வேலை இழந்திருக்கலாம் போலிருக்கிறது.

டிசம்பர் 20, ஞாயிறு
நேற்று யாரும் கவனிக்காத இன்னொன்றும் நடந்திருக்கிறது. ராணுவச் செலவு மசோதாவோடு ஒட்டி, கோப்ரா சலுகையை ஒன்பது மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டியிருக்கிறார்கள். செனட்டில் அதை ஆதரித்தவர்கள் 88 பேர். எட்டு மாதமாக எனக்காகப் பேசுவதாகச் சொல்லி ஊரே சண்டையிட, எனக்குக் கிடைத்த ஆறு மாதமோ பீரங்கிக் கணக்கின் ஓரத்தில், சண்டையில்லாமல் வந்து சேர்ந்தது.

டிசம்பர் 21, திங்கள்
விவாதத்தை முடிப்பதற்கான இரவு ஒரு மணி வாக்கெடுப்பை விழித்திருந்து பார்த்தேன். 60க்கு 40. யாராவது ஒருவர் இன்றிரவு வர முடியாமல் போகட்டும் என்று மக்கள் வேண்டிக்கொள்ள வேண்டும் எனக் கோபர்ன் அவையிலேயே சொல்லியிருந்தார். 92 வயது செனட்டர் ராபர்ட் பேர்டைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்தார்கள். இவளும் எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 24, வியாழன்
நிறைவேறியது, 60க்கு 39. ரீட் களைப்பில் முதலில் "இல்லை" என்று சொல்லித் திருத்திக்கொண்டார். குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்கும் இல்லை, அக்டோபரில் நிதிக் குழுவில் ஆதரித்த ஒலிம்பியா ஸ்னோவும் இல்லை. அவரையும் அதே கட்சியின் கிராஸ்லியையும் இழுக்க ஒரு கோடைகாலம் முழுவதையும் செலவிட்டார்களே, அந்த மாதங்களை யார் கணக்கில் எழுதுவது?

2010 ஜனவரி 3, ஞாயிறு
38.

ஜனவரி 19, செவ்வாய்
பக்கத்து மாசசூசெட்ஸில், இறந்துபோன கென்னடியின் செனட் இடத்தில், குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றுவிட்டார். இனி அறுபது இல்லை.

ஜனவரி 20, புதன்
மகன் அழைத்தான். செனட் மசோதாவை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பிரதிநிதிகள் சபை ஏற்றுக்கொண்டால் செனட்டுக்குத் திரும்பிப் போகவே தேவையில்லை, அதையாவது செய்யட்டும் என்கிறான். ஒரு மாதத்துக்கு முன் கொல்லச் சொன்ன அதே மசோதாவைத்தான் சொல்கிறான். நான் எதையும் சொல்லிக் காட்டவில்லை. அம்மாவிடம் கொடுங்கள் என்றான்.

ஜனவரி 21, வியாழன்
இப்போதைக்கு அதற்கு வேண்டிய வாக்குகள் தெரியவில்லை என்று பிரதிநிதிகள் சபையின் தலைவர் பெலோசி சொல்லிவிட்டார். பிப்ரவரிக்கான காசோலையை எழுதி உறையில் போட்டேன். தபால்தலை தீர்ந்திருக்கிறது, காலையில் வாங்க வேண்டும்.