வேலூர் வெயிலில் வடித்த எண்ணெய்

தை பிறந்து முதல் சனிக்கிழமை, ஜவ்வாது மலையில் வானியல் ஆய்வகம் இருக்கும் காவலூர் போய் வந்தோம். நான், மனைவி, மகள், மச்சான் என்று நான்கு பேர். வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். வண்டி எங்கள் பழைய மெட்டடோர் வேன். போகும்போது அதில் பெரும்பாலும் எரிந்தது டீசல் இல்லை, பஜ்ஜி போட்டு மிஞ்சிய எண்ணெய்.

எண்ணெய் இரண்டு இடத்திலிருந்து வருகிறது. ஒன்று, சத்துவாச்சாரியில் ஒரு அக்காவின் பஜ்ஜிக் கடை. இன்னொன்று, தொரப்பாடிப் பக்கம் கல்யாணச் சமையல் செய்யும் ஒரு குழு. முதல் தடவை கேனோடு போய் நின்றபோது அக்கா சொன்னார்: "இதைக் கேட்டு வேற ஆளுங்களும் வர்றாங்க தம்பி. சின்னக் கடைங்களுக்குக் கொண்டு போய் மறுபடியும் காய்ச்சறாங்களாம். அதுக்கு நீயே எடுத்துட்டுப் போ." அந்த வார்த்தைக்குப் பிறகு நான் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உடம்புக்கு ஆகாத பொருள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. அந்த அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் கடைகள் கணக்கும் வைக்க வேண்டும். தெருவோரச் சட்டி அந்தக் கணக்கில் வராது. அந்தச் சட்டியிலிருந்து வரும் எண்ணெய் இன்னொரு குழந்தையின் தட்டுக்குப் போகாமல் என் டேங்குக்கு வருவதில் எனக்கு நிஜமான நிம்மதி.

வடிப்பது பொறுமையான வேலை. 200 லிட்டர் டிரம்மில் ஊற்றி இரண்டு வாரம் அசையாமல் விடுவேன். குழாயை அடியில் வைக்காமல் ஒரு அடி மேலே வைத்திருக்கிறேன். மாவுத் தூளும் தண்ணீரும் அடியிலேயே தங்கிவிடும். மேலே தெளிந்ததை முதலில் நான்காக மடித்த பழைய வேட்டியிலும், அப்புறம் 5 மைக்ரான் பையிலும், கடைசியாக 1 மைக்ரான் பையிலும் வடிப்பேன் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தூளைவிடத் தண்ணீர்தான் மோசம், பம்ப்பைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அதனால் ஒவ்வொரு கேனிலிருந்தும் ஒரு சொட்டைக் காய்ந்த தோசைக்கல்லில் விட்டுப் பார்ப்பேன். சடசடவென்று வெடித்தால் தண்ணீர் இருக்கிறது, மறுபடியும் டிரம்முக்குப் போக வேண்டியதுதான். அமைதியாகப் பரவினால் சரி. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அதிலும் சன்பிளவர் எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். நான் கொடியில் விரித்துக் காயப்போடுகிறேன்.

எந்த வண்டியிலும் இதைச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். மிக அதிக அழுத்தத்தில் டீசலைத் தூவும், இப்போது வரும் காமன் ரெயில் இன்ஜின்கள் இதைத் தாங்காது. பழைய மெக்கானிக்கல் பம்ப்பும், சிலிண்டருக்கு முன்னால் தனியாக ஒரு எரியறையும் உள்ள இன்ஜின்தான் ஏற்றது. டீசலைவிட இந்த எண்ணெய் பத்து மடங்கு கெட்டியானது. சூடாக்கினால்தான் இளகி நாசிலில் சரியாகத் தூவும். அதற்காகப் பின்சீட்டுக்குக் கீழே இன்னொரு டேங்க் வைத்து, ரேடியேட்டரின் சுடுதண்ணீர் ஓடும் செம்புக் குழாயை அதற்குள் சுற்றிவிட்டிருக்கிறோம். கிளம்புவது எப்போதும் டீசலில். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு வால்வைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்றுவோம். நிறுத்துவதற்குச் சில கிலோமீட்டர் முன்பே மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் குழாயில் எண்ணெய் நின்று உறையும். எரியாத எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக இன்ஜின் ஆயிலில் கலந்து அதைக் கெட்டியாக்கும் என்பதால், ஆயிலை 3,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றுகிறேன்.

அன்று பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் மச்சான் வால்வைத் திருப்பினான். சத்தம் கொஞ்சம் மென்மையானது. பாலாற்றை ஒட்டி ஆம்பூர் வரை வண்டி சீராக ஓடியது. பிரியாணி முடித்து வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கினோம். ஆலங்காயம் நெருங்கும்போது செம்மண்ணில் நிலக்கடலை முளைத்திருந்தது. மகளுக்கு அந்தக் கதையை அங்கேதான் சொன்னேன். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். அது எந்த எண்ணெய் என்று பார்வையாளர்கள் பலருக்குத் தெரியவே இல்லை என்று, அந்த இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலே பின்னால் எழுதியிருக்கிறார். "அப்போ இந்தச் செடியிலயும் வண்டி ஓடுமாப்பா?" என்று கேட்டாள். ஓடும். ஆனால் செக்கெண்ணெய் விற்கிற விலைக்கு அதை டேங்கில் ஊற்றக் கூடாது, அது சாப்பிடுவதற்கு.

காவலூரில், வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் கொண்ட தொலைநோக்கியைப் பார்த்தோம். 2.34 மீட்டர் ஆடி, 1986-இல் அந்தப் பெயர் சூட்டினார்கள். அந்தப் பெரிய கூண்டுக்கு அடியில் நின்றபோது மகள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். இரவு மலையிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். நல்ல குளிர், இரண்டு போர்வை தேவைப்பட்டது.

காலையில் டீசலில் கிளம்பி, ஆலங்காயத்துக்குள் நுழையும்போது எண்ணெய்க்கு மாற்றினோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வண்டி இழுக்க மறுத்தது, ஆக்சிலேட்டரை அழுத்தினாலும் வேகம் இல்லை. டீசலுக்குத் திருப்பியதும் உயிர் வந்தது. டீக்கடை ஓரம் நிறுத்தி, எண்ணெய் வரும் ஃபில்டரைக் கழற்றினான் மச்சான். உள்ளே உறைந்த நெய் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மாமா, நாம வடிச்சது சுத்தமாத்தானே இருந்துச்சு?"

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதை நான் வடித்தது மே மாதம், வேலூரில் நாற்பது டிகிரி வெயிலில். பஜ்ஜிக் கடையில் பயன்படுத்துவது பாமாயில். ரேஷன் பாமாயில் பாக்கெட் மார்கழியில் உறைந்து கிடப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். மே வெயிலில் அந்தக் கொழுப்பு முழுக்க உருகியிருந்ததால் 1 மைக்ரான் பையைக்கூடத் தாண்டி வந்துவிட்டது. தகரக் கொட்டகையில் இருந்த டிரம்மிலிருந்து மத்தியானம் பிடித்ததால், கண்ணாடி மாதிரித் தெரிந்த எண்ணெயைத்தான் நான் டேங்கில் ஊற்றினேன். மலைக் குளிரில் அது தன் குணத்தைக் காட்டிவிட்டது.

டீக்கடைக்காரர் ஒரு குண்டான் வெந்நீர் கொடுத்தார். ஃபில்டரைத் துணியில் சுற்றி, வெந்நீரை மேலே ஊற்றி ஊற்றிப் பத்து நிமிடத்தில் இளக்கினோம். டேங்குக்குள் இருப்பது இளகும் என்ற நம்பிக்கை எனக்கு வரவில்லை. வாணியம்பாடி பங்கில் டீசல் போட்டுக்கொண்டு, வீடு வரை டீசலிலேயே வந்தோம்.

அதற்குப் பிறகு முறையை மாற்றிவிட்டேன். குளிர்கால இரவுகளில் எண்ணெய்க் கேன்களை மொட்டை மாடியில் வைக்கிறேன். விடிவதற்குள் எழுந்து, வெயில் படும் முன்பே மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாகச் சாய்த்து எடுத்து, அந்தக் குளிரிலேயே வடிக்கிறேன். பையில் சொட்டுவதற்கு மூன்று மடங்கு நேரம் ஆகிறது. அடியில் நிற்கும் வெள்ளைக் கொழுப்பைத் தனி டின்னில் சேர்த்து, கோடைக்கு என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணச் சமையல் அண்ணன் தருவது சன்பிளவர், அது குளிரில் உறையாது. ஆனால் சூட்டில் வார்னிஷ் மாதிரிப் படியும். அதனால் அதைத் தனியாகவே வைத்து, மலைக்குப் போகும்போது மட்டும் எடுக்கிறேன்.

மாசி பிறப்பதற்குள் மறுபடி காவலூர் போகிறோம். இந்தத் தடவை அங்கே ஒரு இரவு முழுக்க ஒரு பாட்டில் எண்ணெயை வெளியில் வைத்துப் பார்க்க வேண்டும். மகள் இப்போதே பாட்டிலில் தேதி எழுதி ஒட்டிவிட்டாள்.