முப்பது வயசுல முசாஷி யோசிச்சது
ஜப்பான் வாள்வீரர் மியாமோட்டோ முசாஷின்னா எல்லாரும் 1612ல ஒரு சின்னத் தீவுல சசாகி கோஜிரோங்கற இன்னொரு வாள்வீரரோட போட்ட சண்டையத்தான் சொல்வாங்க, துடுப்ப செதுக்கி மரவாள் பண்ணிட்டு போனாருங்கற கதை. எனக்கு அத விட பெருசா படறது அதுக்கப்புறம் நடந்ததுதான். 13 வயசுல முதல் சண்டை, ஊர் ஊரா சுத்தி 30 வயசுக்குள்ள 60க்கு மேல சண்டை, ஒண்ணுல கூட தோக்கலன்னு அவரே எழுதி வச்சிருக்காரு. அப்படிப்பட்ட மனுஷன் முப்பது தாண்டினதும் திரும்பிப் பாத்துட்டு, நான் ஜெயிச்சது வித்தை கைவந்ததால இல்ல, பிறவித் திறமையா இருக்கலாம், இல்ல எதிராளிங்ககிட்ட குறை இருந்திருக்கலாம்னு சொல்றாரு பாருங்க!! அதுக்கப்புறம் காலை மாலைன்னு பயிற்சி பண்ணி அம்பது வயசு வாக்குலதான் விஷயம் பிடிபட்டுச்சாம். ஜெயிச்சவன் தன்னையே இப்படி சந்தேகப்படறதுக்கு எவ்ளோ நேர்மை வேணும்.

நடுவுல ஓவியமும் வரைஞ்சாரு. காஞ்ச கிளைல ஒரு கீச்சான் குருவி உக்காந்திருக்கும், அந்தக் கிளை கீழேருந்து மேல விருட்டுனு போற கோடு, வாள் வீச்சு மாதிரியே இருக்கும், உத்துப் பாத்தா அதுல ஒரு புழு ஊர்ந்து ஏறிட்டு இருக்கும். அத வரைஞ்ச கைதான் வாளும் பிடிச்சுச்சு.

1643ல குமமோட்டோ பக்கம் ரெய்கான்டோ குகைல உக்காந்து தன் வாள் வித்தையப் பத்தின புத்தகத்த எழுத ஆரம்பிச்சாரு, 1645ல இறந்துட்டாரு. ரெண்டு கைலயும் வாள் பிடிச்சு சண்டை போடறதுக்கு அவர் சொல்ற காரணம் கூட ரொம்ப சிம்பிள்தான், உயிரே போகப்போற நேரத்துல இடுப்புல இருக்கற இன்னொரு வாள உருவாமலே சாகக்கூடாதாம்.