பறவையியல் மாநாட்டுப் பயண உதவி: விண்ணப்பத்திலிருந்து கிளேம் வரை

பறவையியல் மாநாடுகளில் மாணவருக்குக் கிடைக்கும் பணம் இரண்டு வகை. பயண உதவி, மாநாட்டுக்குப் பல வாரம் முன்பே முடிவாகிவிடும். சிறந்த உரைக்கும் சிறந்த சுவரொட்டிக்கும் உள்ள பரிசு அங்கே போய்ப் படைத்த பிறகு வருவது. பரிசுப் போட்டியில் சேர, ஆய்வுச் சுருக்கத்தைப் பதிவேற்றும்போதே அதற்கான கட்டத்தில் டிக் செய்ய வேண்டியிருக்கும். அதை விட்டுவிட்டுப் பிறகு மின்னஞ்சலில் கெஞ்சிப் பெரும்பாலும் பயனில்லை.

பயண உதவிக்குப் பொதுவாகக் கேட்பவை: அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பது, படைப்பவர் நீங்களாகவே இருப்பது. கடைசித் தேதியை மலேசிய நேரத்துக்கு மாற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11:59 என்றால், கோடையில் நமக்கு மறுநாள் பகல் 11:59. குளிர்காலத்தில் அதுவே பிற்பகல் 12:59. வட நாடுகளில் ஜூலை, ஆகஸ்டில் நடக்கும் மாநாடுகளுக்கு ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே விண்ணப்பம் கேட்பார்கள். தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்தச் சமயத்தில்தான். விடுமுறைக்கு முன்பே பரிந்துரைக் கடிதம் கைக்கு வந்திருக்க வேண்டும்.

பலர் தோற்பது 'இந்த மாநாடு உங்களுக்கு ஏன் தேவை' என்ற பத்தியில்தான். 'என் அறிவு விரிவடையும், பறவைப் பாதுகாப்புக்கு உதவும்' என்று எழுதினால் தேர்வுக்குழு அதைப் படித்த மறுநிமிடமே மறந்துவிடும். செபராங் பிறையின் தெலுக் ஆயிர் தாவார் சேற்றுக்கரையில் கரைப்பறவைகளை எண்ணும் மாணவர் என்ன எழுதலாம்? அழியும் ஆபத்திலுள்ள நார்ட்மன் பச்சைக்காலி என்ற கரைப்பறவை ரஷ்யாவின் தூரக்கிழக்கில் குஞ்சு பொரித்து, தாய்லாந்திலும் மலேசியாவிலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. 'அந்த வலசைப்பாதையின் மறுமுனையில் எண்ணுபவர்களோடு எண்ணும் முறையை ஒப்பிட வேண்டும். என் தரவில் இன்ன குறை இருக்கிறது, இந்த அமர்வில் அதைக் கேட்கப்போகிறேன்' என்று எழுதலாம். அமர்வின் பெயரையே குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

மலேசியாவை அறியாதவரும் குழுவில் இருப்பார். கிள்ளானின் காகங்களை ஆய்பவர் ஊர்ப் புகாரோடு நிறுத்திவிடக் கூடாது. காப்பித் தோட்டப் புழுக்களை ஒழிக்க 1890-களில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவை அது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலும் அதே இனம் வந்தேறிப் பெருகித் தொல்லை தருகிறது. அந்த இணைப்பை முதல் மூன்று வரிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அறிவியல் பெயர், ஆங்கிலப் பெயர் இரண்டும் ஒரே பட்டியலைப் பின்பற்றட்டும். 2025-இல் வெளியான ஏவிலிஸ்ட் என்ற உலகப் பறவைப் பெயர்ப் பட்டியல் இப்போது நல்ல தேர்வு. சுருக்கத்தில் ஒரு பெயரும் விண்ணப்பத்தில் வேறு பெயருமாக இருந்தால் கவனக்குறைவு என்றுதான் படும்.

செலவுக் கணக்கை ஒரே தொகையாக எழுதாதீர்கள். விமானம், பதிவுக் கட்டணம், பகிர்ந்த அறைக்கு எத்தனை இரவு, காப்புறுதி, விசா, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு விசா நேர்காணல் பயணம் எனப் பிரித்து, எந்தத் தேதியின் நாணய மாற்று விகிதம் என்றும் குறியுங்கள். வேறெங்கிருந்து எவ்வளவு வருகிறது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். மேற்பார்வையாளரின் எஃப்ஆர்ஜிஎஸ் (மலேசிய அரசின் அடிப்படை ஆய்வு) மானியத்தில் பயணம் வோட் 21000 என்ற செலவுத் தலைப்பில் வரும், பதிவுக் கட்டணம் போன்றவை 29000-இல். அந்த எண்கள் வெளிநாட்டுக் குழுவுக்குப் புரியாது. பயணத்துக்கான பணம் தீர்ந்திருந்தால், 'மானியம் பதிவுக் கட்டணத்தை ஏற்கிறது, விமானக் கட்டணத்துக்கு வழியில்லை' என்று சொன்னால் போதும். இதே செய்தி பரிந்துரைக் கடிதத்திலும் இருக்க வேண்டும். மாணவரைப் புகழ்ந்து மட்டும் எழுதிய கடிதத்தைவிட, மீதிப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒரு வரி சொல்லும் கடிதத்துக்கு எடை அதிகம்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கடப்பிதழில் தந்தை பெயருக்கு முன் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று இருக்கும். சாய்கோட்டை விமானச் சீட்டுப் படிவங்கள் ஏற்காது, வங்கிக் கணக்கில் இன்னொரு விதமாக இருக்கும். உறுப்பினர் பதிவு, விருதுக் கடிதம், விமானச் சீட்டு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில் எழுத்துக்கூட்டல் கடப்பிதழோடு ஒத்துப்போகிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆய்வுக்கட்டுரைகளில் சுருக்கப் பெயர் வைத்திருப்பவர்கள் அதையும் விண்ணப்பத்தில் குறிப்பிடுவது நல்லது.

ஷெங்கன் நாடுகளுக்கும் ஜப்பானுக்கும் குறுகிய பயணமென்றால் மலேசியருக்கு விசா தேவையில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வேண்டும். அமெரிக்க விசா நேர்காணல் கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில். பட்டர்வொர்த்திலிருந்து இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம், ஆகவே காலை நேரம் கிடைத்தால் முந்தைய நாளே போய்விடுங்கள். விருது முடிவு வரும்வரை விசாவுக்குக் காத்திருந்தால் நேர்காணல் தேதி கிடைக்காமல் போகலாம். சுருக்கம் ஏற்கப்பட்டதும் அழைப்புக் கடிதம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இனி பணம். பயண உதவி பெரும்பாலும் செலவு முழுவதையும் மூடாது. பல சங்கங்கள் மாநாடு முடிந்து ரசீது கொடுத்த பிறகே தருகின்றன. அதாவது விமானச் சீட்டை உங்கள் பணத்தில் வாங்கிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். முன்பணம் தருவார்களா, பதிவுக் கட்டணத்தை நேரடியாகத் தள்ளுபடி செய்வார்களா என்று விருதுக் கடிதம் வந்த அன்றே கேளுங்கள்; கேட்பதில் வெட்கமில்லை. பல்கலைக்கழகத்தில் முன்பணம் பெறும் வழியிருந்தால் அதற்கும் அப்போதே மனுப் போடுங்கள். அமெரிக்கச் சங்கமென்றால் டபிள்யூ-8பென் வரிப் படிவம் கேட்கலாம். டாலர் காசோலை வேண்டாம், வங்கிப் பரிமாற்றம் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். காசோலையை இங்கே மாற்றுவது பெரும்பாடு. இடையிலுள்ள வங்கிகள் பிடிக்கும் கட்டணத்தால் கைக்கு வருவது சற்றுக் குறையும்.

சுவரொட்டிக்கு ஏ0 அளவு, அதாவது 841 × 1189 மில்லிமீட்டர், பரவலானது. ஆனால் நெடுக்கா கிடையா என்பதை மாநாட்டின் அறிவிப்பில் பார்த்த பிறகே அச்சிடுங்கள். துணியில் அச்சிட்டால் மடித்துக் கைப்பையில் வைத்துவிடலாம். குழாயைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்தில் அலைய வேண்டாம்.

திரும்பி வந்ததும் போர்டிங் பாஸ், வருகைச் சான்றிதழ், ரிங்கிட்டில் எவ்வளவு பிடித்தார்கள் என்று காட்டும் கடனட்டை அறிக்கை மூன்றும் வேண்டும். கைபேசி போர்டிங் பாஸ் விமானம் இறங்கியதும் செயலியிலிருந்து மறைந்துவிடலாம். ஏறும் முன்பே திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். ஒரே ரசீதைச் சங்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கக் கூடாது. விமானக் கட்டணத்தை ஓரிடத்திலும் அறை வாடகையை இன்னோரிடத்திலும் கிளேம் செய்யுங்கள். ஒரே ரசீதை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தால், யார் எவ்வளவு தந்தார்கள் என்ற கடிதத்தை இணைத்துக் கொடுங்கள்.