"என்ன புரிகிறது உங்களுக்கு?"

கவுன்சலிங் வேலைக்கு வந்த புதிதில், கனிவாகப் பேசினாலே எதிரில் இருப்பவர் மனம் திறந்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குரலைத் தாழ்த்தி, தலையை ஆட்டி ஆட்டி, "புரிகிறது, புரிகிறது" என்பேன். ஒருநாள் ஒரு பெண்மணி பேச்சைப் பாதியில் நிறுத்தி, "என்ன புரிகிறது உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டார்.

வாயடைத்துப் போனேன். அவர் சொன்னதில் பாதி, அதற்குமுன் வந்துபோனவரின் கதையோடு என் தலைக்குள் கலந்து கிடந்தது. சமாளித்திருக்கலாம், இந்தத் தொழிலில் சமாளிக்கச் சொற்களுக்கா பஞ்சம்! ஏனோ அன்று, "கவனம் சிதறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள், கடைசியாகச் சொன்னதை மறுபடி சொல்ல முடியுமா?" என்றேன். அவர் எதுவும் பேசவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் வந்தார், அதுவரை நான்கு அமர்வுகளாகச் சொல்லாமல் சுற்றிவந்த விஷயத்தைச் சொன்னார். ரொம்ப நாள் கழித்துப் பேச்சுவாக்கில், "கேட்காமலே கேட்ட மாதிரி இருக்கிறவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்" என்றார்.

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையை, நான் படிக்கும் காலத்தில் பரீட்சைக்காக உருப்போட்டிருக்கிறேன். ஆலோசகர் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டக் கூடாது, நிபந்தனை இல்லாமல் மதிக்க வேண்டும், பரிவோடு புரிந்துகொள்ள வேண்டும் என்று அதில் வரும். எல்லோருக்கும் இந்த மூன்றும் நினைவிருக்கும். ஆனால் அவர் சொன்னவை ஆறு. கடைசி ஒன்றை நான் சரியாகவே படிக்கவில்லை. அந்த மதிப்பும் புரிதலும் எதிரில் இருப்பவருக்கு ஓரளவாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அது. நான் அக்கறையாகத்தான் இருந்தேன் என்பது என் கணக்கு. அவர் கணக்கில் அது வரவே இல்லை என்றால்?

ரகசியம் காப்பதிலும் இதே கதைதான். "எதைச் சொன்னாலும் வெளியே போகாது" என்று தாராளமாக வாக்குக் கொடுத்துவிடத் தோன்றும். அது பொய். உயிருக்கு ஆபத்து என்றாலோ ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்றாலோ நான் சும்மா இருக்க முடியாது, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுருங்கும், குறிப்பாகப் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு. "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்று நேராகவே கேட்பார்கள். எதைச் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டி வந்தால் முதலில் உன்னிடம்தான் பேசுவேன் என்று பிரித்துச் சொன்னால், பெரும்பாலும் தோள் கொஞ்சம் இறங்கும்.

பொறுமை, நேரம் தவறாமை எல்லாம் வேண்டியவைதான், யாரும் மறுக்கப் போவதில்லை. எனக்கு இன்றுவரை கஷ்டமாக இருப்பது அழுகிறவர் முன்னால் பேசாமல் இருப்பது. ஆறுதல் சொல்லத் துடிக்கிறேனே, அதில் பாதி என் பதற்றத்தை அடக்கத்தான் என்று தெரிந்தபிறகு, கையைக் கட்டிக்கொள்ளாமல், கடிகாரத்தைப் பார்க்காமல், உட்கார்ந்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், இரண்டு அமர்வுகளுக்கு நடுவே இப்போது பத்து நிமிடம் விடுகிறேன். போனவர் சொன்னதை எழுதி மூடிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அடுத்தவரைக் கூப்பிடுகிறேன். அப்படியும் சில நாள் கலந்துவிடுகிறது. கலந்தால் சொல்லிவிடுகிறேன்.